வரவேற்பறையைக் கடைசியில் பாருங்கள்: முதன்முறையாக அலுவலகம் அமைப்பவர்களுக்கு

நான் அட்மினில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. “புது ஆபீஸ் எடுக்கிறோம், நீங்களே பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்த அனுபவம்கூட எனக்கு அப்போது கிடையாது. டிசைனர் வந்து லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் காட்டியது வரவேற்பறைப் படம்: சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் புல், நடுவில் ஒளிரும் லோகோ, தொங்கும் மஞ்சள் விளக்குகள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்தச் சுவரைப் பற்றியே மூன்று கூட்டங்கள் நடந்தன. பெண்கள் 14 பேருக்கு ஒரே ஒரு கழிப்பறைதான் இருக்கிறது என்பதைக் குடியேறிய பிறகுதான் கவனித்தோம்.

விருந்தாளி வரவேற்பறையில் உட்காருவது பத்து நிமிடம். வேலை செய்பவர்கள் உள்ளே இருப்பது ஒன்பது மணி நேரம். “எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம்” என்று சுவரில் எழுதி வைக்கலாம். ஆனால் யாருக்கு ஜன்னல், யாருக்கு முதுகுக்குப் பின்னால் மேனேஜர், யாருக்கு உட்கார நாற்காலியே இல்லை என்பதைப் பார்த்துத்தான் அந்தக் குடும்பத்தில் தன் இடம் எது என்று ஆட்கள் புரிந்துகொள்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி டிசைனர்கள் போகும் வரிசைக்கு நேரெதிராக, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரும். சென்னையில் 25 முதல் 40 பேர் வேலை செய்யும் வாடகை அலுவலகத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் வெயிலையும் வாடகையையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

வரைபடத்துக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இப்போது இருக்கும் அலுவலகத்தில் காலை 11 மணி, மதியம் 1, மாலை 4 ஆகிய மூன்று நேரங்களில் ஒரு சுற்று வந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் போதும்.

நான் இரண்டாவது முறை அலுவலகம் மாற்றியபோது இப்படிச் செய்தேன். போன் பேச நாலைந்து பேர் தினமும் மாடிப்படிக்குப் போனார்கள். கணக்குப் பிரிவில் இருவர் மதியத்துக்கு மேல் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள், பாட்டு எதுவும் ஓடவில்லை. பெரிய மீட்டிங் அறை பாதி நாள் காலியாகவே கிடந்தது. இரண்டு பேர் பேச இடமில்லாமல் பேன்ட்ரியில் நின்று பேசினார்கள். பணத்தை எங்கே போட வேண்டும் என்பதை இந்த நோட்டுதான் எனக்குச் சொன்னது.

பார்த்ததோடு கேட்கவும் வேண்டும். “ஆபீஸ் எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாருக்கு மேடம்” என்ற பதில்தான் வரும். “நேத்து எந்த நேரத்துல, எதனால வேலை தடைப்பட்டுச்சு?” என்று கேளுங்கள். பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டியும் வையுங்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காவையும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த அறையில் யார் அழுதுவிட்டுப் போனார்கள் என்பது வரை அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக் கேட்பதை வெறும் மரியாதை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேலையை நான்கு விதமான அறைகளில் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். முதலாவது மேசை நாற்காலி மட்டும் உள்ள மொட்டை அறை. அடுத்தது செடியும் படமும் வைத்த அறை. மூன்றாவதில் அந்தச் செடியையும் படத்தையும் வேலை செய்பவரே தன் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாம். மொட்டை அறையைவிடச் செடி வைத்த அறையில் வேலை சுமார் 17 சதவீதம் கூடியது, தானே அடுக்கிய அறையில் சுமார் 32 சதவீதம். நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. அங்கே ஆளை ஆசையாக அடுக்கவிட்டு, அப்புறம் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிடுவார். கிடைத்த பலன் காணாமல் போனது. கருத்துக் கேட்டுவிட்டுக் குப்பையில் போடும் நிர்வாகங்கள் இந்த ஆய்வைக் கட்டாயம் படிக்கலாம்.

படி 2: இடம் பார்க்கும்போது

புரோக்கர் சொல்லும் 3,000 சதுர அடி பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் கணக்கு. அதில் லிஃப்ட், படிக்கட்டு, பொது நடை எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். நீங்கள் மேசை போடக்கூடிய கார்ப்பெட் ஏரியா அதில் முக்கால் பங்கு இருந்தால் நல்ல கட்டடம். டேப்பை எடுத்துப் போய் நீங்களே அளந்துவிடுங்கள். நடைபாதை, மீட்டிங் அறை, பேன்ட்ரி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 70, 80 சதுர அடியாவது வராவிட்டால், எவ்வளவு நல்ல டிசைனரை வைத்தாலும் நெரிசல் நெரிசல்தான்.

இடத்தைப் பார்க்க மதியம் மூன்று மணிக்குப் போங்கள். புரோக்கர்கள் காலை பத்து மணிக்கே கூப்பிடுவார்கள். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரின் உண்மையான குணம் மூன்று மணிக்குத்தான் தெரியும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி படும் பாட்டுக்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்டப்போவது நீங்கள்.

வாஸ்துப்படி முதலாளியின் அறை தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் மாலை வெயில் கொளுத்தும் மூலை அதுதான். அறை அவருடையதாக இருந்தால் ஜன்னலுக்குச் சன்ஷேடும் நல்ல திரையும் போட அனுமதி உடனே கிடைத்துவிடும்.

இன்னும் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஒன்று, ஜன்னல்கள் திறக்குமா? பல புதிய கட்டடங்களில் திறக்காது. இரண்டு, கழிப்பறைகள் எத்தனை, குழாய் இணைப்பு எங்கே வருகிறது? சுவரை இடித்து மாற்றிக் கட்டலாம், ஆனால் கழிவுக் குழாயை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது. மூன்று, சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர முடியுமா? சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால், சாய்தளம் இருக்கிறது என்று கணக்குக் காட்டலாமே தவிர யாரும் அதில் ஏற முடியாது.

படி 3: கழிப்பறை, சாப்பாட்டு இடம், ஒரு தனி அறை

வரைபடத்தில் முதலில் இந்த மூன்றையும் வைத்துவிட்டு, மிச்சத்தில் மற்றதைப் பொருத்துங்கள்.

கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். முன்னே சொன்ன அந்த 14 பேரில் இரண்டு பேர் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எடுத்தது எனக்குப் பிறகு தெரிந்தது. அதற்கு அந்தக் கழிப்பறைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் பாட்டில் காலியாகாமல் வீட்டுக்குத் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்தேன். பெண்கள் கழிப்பறையில் நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, அதைத் தினமும் காலி செய்ய ஏற்பாடு, கதவுக்கு உண்மையிலேயே விழும் தாழ்ப்பாள், இவ்வளவும் வேண்டும். கழிப்பறைக் கதவு எல்லோரும் உட்காரும் கூடத்துக்கு நேராகத் திறக்கவும் கூடாது.

சாப்பாட்டு இடம் என்பதை நிறையப் பேர் காபி மெஷின் வைக்கும் மூலை என்று நினைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் பாதிப் பேர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறார்கள். பெட்டியைத் திறக்க மேசை, கை கழுவ வெளியிலேயே ஒரு வாஷ்பேசின், சூடாக்க மைக்ரோவேவ், எச்சில் பாத்திரம் கழுவ ஒரு சிங்க், வாசனை வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன், எல்லாம் வேண்டும். மொத்த ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் ஒரே நேரத்தில் உட்கார முடிந்தால், 12.30லிருந்து 2 மணிக்குள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்துவிடலாம். மேசையை நீளமாகப் போடுங்கள். நான்கு பேர் உட்காரும் குட்டி மேசைகள் போட்டால் அதே நான்கு பேர் வருடக்கணக்கில் அதே மேசையில் உட்காருவார்கள்.

இந்த இடத்தில்தான் யாரும் பேச விரும்பாத விஷயமும் வருகிறது. “அசைவம் கொண்டுவரக் கூடாது” என்று சில அலுவலகங்களில் போர்டு மாட்டுகிறார்கள். வாசனைதான் பிரச்சினை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். மீன் குழம்பு கொண்டு வருபவர் தன் பெட்டியை ஒளித்துச் சாப்பிடும்படி ஆனால், அந்த அலுவலகத்தில் அவர் வேறு எதையும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார். இதைவிட மோசமான ஒன்று உண்டு: ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குத் தனி டம்ளர், அவர்கள் பேன்ட்ரி நாற்காலியில் உட்காரக் கூடாது என்ற எழுதாத சட்டம். டீக்கடை இரட்டைக் குவளை பற்றி வருத்தமாகப் பேசுபவர்களின் அலுவலகத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி டம்ளர்களாக வாங்கி ஒரே அலமாரியில் வையுங்கள். இதற்கு டிசைனர் தேவையில்லை.

நாற்காலி பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஜவுளிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே துணி எடுத்துக் காட்டிய பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேரளம் 2018லும், தமிழ்நாடு 2021லும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கின. உங்கள் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு நாற்காலி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். உடைந்த சுழல் நாற்காலியை அவரிடம் தள்ளிவிடுவதை இதில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு சிறு அறை. எட்டுக்கு எட்டு போதும். ஒரு சோபா, ஒரு பிளக் பாயின்ட், வெளியிலிருந்து பார்க்க முடியாத சுவர். குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவர் பால் எடுக்க, தலை சுற்றினால் சற்றுப் படுக்க, மோசமான செய்தி வந்தால் அழ, தொழுகை செய்ய என்று எல்லாவற்றுக்கும் அது பயன்படும். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பக வசதியே தர வேண்டும் என்று 2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருப்பவர்கள் இந்த அறையாவது கொடுக்கலாம். சர்வர் அறையின் ஓரத்தை இதற்கு ஒதுக்குபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

படி 4: காற்று, குளிர்

ஸ்பிளிட் ஏசி அறையின் காற்றையே சுழற்றிச் சுழற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இதை ஏசி விற்பவர் உங்களிடம் சொல்ல மாட்டார். எட்டுப் பேர் கதவை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் மீட்டிங் போட்டால், கடைசி இருபது நிமிடம் எல்லோரும் கொட்டாவி விடுவதற்கு மீட்டிங்கின் சுவாரசியம் மட்டும் காரணமில்லை. வெளியில் கரியமில வாயு சுமார் 420 பி.பி.எம்., அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு, இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூடிய மீட்டிங் அறையில் அது 1,500, 2,000 என்று ஏறுவது சர்வ சாதாரணம். இதை அளக்கும் சிறு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி அறை அறையாக வைத்துப் பாருங்கள். நான் அதை முதலாளியின் அறையில் வைத்த மறுநாள் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பணம் வந்தது.

தீர்வு எளிது. ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர வலை போட்ட ஒரு திறப்பு. காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பும் மதிய உணவு நேரத்திலும் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். இதை ஹவுஸ்கீப்பிங் பட்டியலில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மறந்துபோகும்.

குளிருக்கு வருவோம். அலுவலகச் சண்டைகளில் ஏசி ரிமோட் சண்டைக்குத்தான் முதலிடம். அலுவலக வெப்பநிலைக்கு உலகம் முழுக்கப் பின்பற்றிய கணக்கு 1960களில் போடப்பட்டது. அது நடுத்தர வயது ஆணின் உடல் வெளியிடும் சூட்டை அடிப்படையாகக் கொண்டது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015ல் எடுத்துக் காட்டினார்கள். மே மாதத்தில் சென்னை அலுவலகத்தில் பெண்கள் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பதன் பின்கதையில் இதற்கும் பங்கு உண்டு. இந்தியாவில் 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. அதை 18க்கு இறக்குவதால் அறை சீக்கிரம் குளிராது. 25, 26ல் வைத்துக்கொண்டு சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். இதற்காகவே ஃபால்ஸ் சீலிங் போடும்போது ஃபேனுக்குக் கொக்கி விடச் சொல்லுங்கள். “ஃபேன் போட்டா லுக் போயிடும் மேடம்” என்பார் டிசைனர். போகட்டும். அப்புறம், ஏசிக் காற்று யார் தலையிலும் நேராக விழக் கூடாது. மேசைகளை வைத்த பிறகு ஏசி மாட்டுங்கள்.

புது மரவேலையின் வாசனையைச் சிலர் ரசிப்பார்கள். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிவரும். கண் எரிச்சலும் தலைவலியும் அதனால்தான். அது குறைவாக வெளிவரும் ஈ1 (E1) அல்லது ஈ0 (E0) தரம் என்று கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் இரண்டு வாரமாவது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குடியேறுங்கள். “செடி வெச்சா காத்து சுத்தமாயிடும்” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நாசா 1989ல் செய்த ஆய்வு அது. மூடிய சிறு பெட்டிக்குள் செய்தது. அலுவலகக் கூடத்தில் அதே பலனுக்குச் செடிகளைக் காடாக வளர்க்க வேண்டியிருக்கும். கண்ணுக்கு இதம் என்பதற்காக மணி பிளான்ட் வையுங்கள், யாராவது ஒருவர் ஆசையாகத் தண்ணீர் ஊற்றுவார். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

படி 5: வெளிச்சம் யாருக்கு?

ஜன்னல் ஓரம் முழுக்க மேனேஜர் கேபின்கள், நடுவில் இருட்டில் மற்றவர்கள். இதுதான் நம் அலுவலகங்களின் வழக்கமான படம். நாள் முழுக்க மீட்டிங்கில் இருக்கும் மேனேஜரின் காலி அறைக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாதவர் டியூப்லைட்டுக்குக் கீழே இருப்பார். கேபின்களை உள்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு நிர்வாகம் சம்மதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எனக்கு இதில் நான்கில் இரண்டு முறைதான் வெற்றி.

ஜன்னலின் மதிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் ஒரு மருத்துவமனைக் கதையைச் சொல்வேன். ரோஜர் உல்ரிக் என்பவர் 1984ல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டது. அலுவலகம் மருத்துவமனை இல்லைதான். இருந்தாலும், வெளியே ஒரு வேப்பமரம் தெரியும் ஜன்னலை ஸ்டோர் ரூமுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கம்ப்யூட்டர் திரை ஜன்னலுக்கு எதிரேயும் வேண்டாம், ஜன்னலுக்கு முதுகு காட்டியும் வேண்டாம். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. மேசை மேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் போதும், போனிலேயே தோராயமாக அளக்கலாம். நீலம் அடிக்கும் வெள்ளை விளக்கைவிட 4,000 கெல்வின் (விளக்கின் நிறத்தைக் குறிக்கும் எண்) விளக்கு மாலை நேரத்தில் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

படி 6: சத்தம், முதுகு

சுவர்களை எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீஃபன் டர்பனும் 2018ல் இதைச் சோதித்தார்கள். இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் தலைமையகங்கள் திறந்த கூடங்களாக மாறும்போது ஊழியர்களின் கழுத்தில் சென்சார் மாட்டி அளந்தார்கள். முகத்துக்கு முகம் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சலும் சாட்டும் கூடின. காரணம் புரியாததல்ல. நாலு பேர் காதில் விழும் இடத்தில் யார் மனம் திறந்து பேசுவார்கள்?

அதற்காக, ஆளைச் சுற்றி அடைக்கும் பழைய மாட்டுக்கொட்டகைத் தடுப்புகளுக்கு (க்யூபிக்கிள்) திரும்பவும் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தடுப்புகளும் நல்ல எண்ணத்தில் பிறந்தவைதான். ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் அமெரிக்க ஃபர்னிச்சர் நிறுவனமான ஹெர்மன் மில்லருக்காக 1968ல் கொண்டுவந்த ஏற்பாட்டில், ஆட்கள் தங்கள் இடத்தை விருப்பப்படி விரித்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் யோசனை. வாங்கிய நிறுவனங்கள் அதை வைத்தே குறைந்த இடத்தில் நிறையப் பேரை அடைத்தன.

நான் செய்வது இது. போனிலேயே வேலை செய்யும் சேல்ஸ் ஆட்களையும், தலை நிமிராமல் வேலை செய்யும் கணக்கு, நிரல் எழுதும் ஆட்களையும் ஒரே கூடத்தில் வைக்க மாட்டேன். இடையில் ஸ்டோரும் பேன்ட்ரியும் வந்தால் தானே சத்தம் தடைபடும். 12 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் ஒருவர் அல்லது இருவர் நுழையும் போன் அறைகள். மாடிப்படியில் நின்று போன் பேசியவர்களுக்கான இடம் இதுதான். டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், மொட்டைக் கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்தால் அலுவலகம் கல்யாண மண்டபம் மாதிரி எதிரொலிக்கும். கூரையிலாவது ஒலி உறிஞ்சும் மினரல் ஃபைபர் ஓடு போடுங்கள். சுவரில் துணி ஒட்டிய பலகைகள், ஜன்னலுக்குக் கனமான திரை, இவையும் உதவும்.

எல்லா அறைக்கும் கண்ணாடி என்பது இப்போதைய மோகம். ஒரு அறையையாவது அதிலிருந்து காப்பாற்றுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. புகார் சொல்ல வந்தவர் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதை அலுவலகமே பார்த்தால், அடுத்தவர் எப்படி வருவார்?

முதுகு விஷயமும் உண்டு. ஊழியரின் திரை தெரியும்படி அவர் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் உட்காரும் அமைப்பு, நடைபாதைக்கு முதுகைக் காட்டும் இருக்கை, இரண்டுமே ஆட்களைப் பதற்றத்தில் வைத்திருக்கும். வேலையை அதிகப்படுத்தாது, விண்டோவைச் சட்டென்று மாற்றும் விரல் வேகத்தை வேண்டுமானால் கூட்டும். முடிந்தவரை முதுகுக்குப் பின்னால் சுவரோ தாழ்வான அலமாரியோ வரட்டும்.

படி 7: நாற்காலி, மேசை

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் நாற்காலி. நல்ல பிராண்டின் பழைய நாற்காலி, புதிய மட்ட நாற்காலியைவிட மேல். மூடப்படும் பெரிய அலுவலகங்களிலிருந்து நல்ல நிலையில் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஒரு மாதிரியைக் கொண்டு வந்து, அலுவலகத்தின் மிக உயரமானவரையும் மிகக் குள்ளமானவரையும் ஒரு நாள் முழுக்க உட்காரச் சொல்லுங்கள். கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா நாற்காலியும் சுகம்தான்.

கடையில் வரும் மேசை உயரம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது அதிகம். முழங்கை செங்கோணத்தில் மடங்கும்படி நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போதும், கார்ப்பென்டர் மிச்சப் பலகையில் செய்து தருவார். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில். லேப்டாப் மட்டும் பயன்படுத்துபவர்களுக்குத் தனி கீபோர்டும் ஒரு ஸ்டாண்டும் வாங்கிக் கொடுங்கள்.

படி 8: யார் பக்கத்தில் யார்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களைக் கவனித்துச் சொன்னது: இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு சரசரவென்று குறையும், 50 மீட்டர் தாண்டினால் வேறு கட்டடத்தில் இருப்பது மாதிரிதான். சின்ன அலுவலகத்திலும், இரண்டு மாடி எடுத்தால் அன்றிலிருந்து “மேல இருக்கிறவங்க, கீழ இருக்கிறவங்க” என்று பேச்சு வந்துவிடும். வேறு வழியில்லை என்றால் சாப்பாட்டு இடத்தை ஒரே மாடியில் வையுங்கள், எல்லோரும் அங்கே வந்தே ஆக வேண்டும்.

சொந்த இருக்கை இல்லாமல் தினமும் கிடைத்த இடத்தில் உட்காரும் முறையை, பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும் அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் நான் ஆதரிக்க மாட்டேன். லாஸ் ஏஞ்சலஸில் சயட்-டே விளம்பர நிறுவனம் 1990களின் நடுவில் இதை ஊரறிய முயன்று சில வருடங்களில் கைவிட்டது. செய்தே ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு பூட்டும் அலமாரியாவது கொடுங்கள். பிள்ளையின் போட்டோவையும் சாமி படத்தையும் வைக்க மனிதருக்கு ஒரு சாண் இடம் வேண்டும்.

படி 9: குடியேறிய பிறகு

மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். எவ்வளவு யோசித்தாலும் குடியேறிய முதல் மாதம் ஏதாவது கிளம்பும். ஒரு மூலையில் ஏசி எட்டாது, ஒரு கதவு ஒவ்வொரு முறையும் டமார் என்று சாத்தும். 30ஆம் நாளும் 90ஆம் நாளும் அதே நாற்பது பக்க நோட்டோடு மறுபடி ஒரு சுற்று வாருங்கள். மாடிப்படியில் இன்னும் யாராவது நின்று போன் பேசுகிறார்களா? தண்ணீர் பாட்டில் காலியாகிறதா? சாப்பாட்டு மேசையில் யார் தனியாக உட்காருகிறார்? முதல் மாதம் வரும் புகார்களில் சின்னதாக ஒன்றிரண்டை இரண்டு நாளுக்குள் சரி செய்துவிடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் பெரிய புகார்களைச் சொல்வார்கள்.

படி 10: வரவேற்பறை

இப்போது மிச்சம் இருக்கும் பணத்தில் வரவேற்பறை. வெள்ளைச் சுவர், உட்கார இரண்டு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், மழைக்காலத்தில் குடை வைக்க ஒரு வாளி. கடைசியாக நான் அமைத்த அலுவலகத்தில் அவ்வளவுதான் போட்டோம். “இவ்ளோதானா மேடம்? சுவத்துல ஏதாவது பண்ணலாமே” என்று கான்ட்ராக்டர் மனத்தாங்கலோடு கேட்டார். ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று உள்ளே கூட்டிப்போய், பெண்கள் கழிப்பறைக் கதவுகளுக்குப் பின்னால் பை மாட்டக் கதவுக்கொரு கொக்கி அடிக்கச் சொன்னேன்.